முட்டை மிதந்த தண்ணீர்

“செத்த வீட்டுக்கு வந்து முட்டை கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் அக்கா.”

காதுக்குள் மெதுவாகத்தான் சொன்னேன். பத்மாசனி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பொரிக்கவோ அவிக்கவோ கேக்கேல்லை. பச்சையா ஒண்டு வேணும். கெதியாப் போய் வா.”

சாவுத் துடக்கு உள்ள வீட்டில் மீன், முட்டை என்று எந்த மச்சமும் அண்டக்கூடாது என்பது வட்டக்கச்சியில் கைக்குழந்தைக்கும் தெரியும். சந்திக் கடையில் முட்டையை வாங்கிச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். அதைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, குன்றும் குழியுமான வாய்க்கால் வீதியில் ஓட்டோவை உருட்டி உருட்டிக் கொண்டுவந்தேன். இவ்வளவு பக்குவமாக நான் என் மனைவியைக்கூட ஏற்றிப் போனதில்லை.

என் பெயர் ரூபன். கிளிநொச்சியில் ஓட்டோ ஓடுகிறேன். பத்மாசனி அக்கா துப்பறிகிற நாட்களில் அவருடன் துப்பறிகிறேன், மற்ற நாட்களில் சந்தைக்கு மரக்கறி மூட்டை ஏற்றுகிறேன். இரண்டிலும் ஏச்சுத்தான் மிச்சம். அக்கா ஒரு காப்புறுதிக் கம்பனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். ஒரு பொய் அறிக்கையில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, கரடிப்போக்குச் சந்தியில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டுக்கொண்டவர்.

அந்தக் கதிரையில்தான் நேற்று விமலேஸ்வரி வந்து இருந்தார். அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவருடைய கணவர் செல்வராசா போன கிழமை மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார்.

“பத்மா, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்,” என்றார். “என்ர பிள்ளையின்ர கை இல்லை எண்டு மட்டும் காட்டித் தா.”

பிள்ளை யதுர்ஷிகா. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறவள். நாளைக்கு மரண விசாரணை. அங்கே எழும்பி நின்று ‘அப்பாவைச் சாக்காட்டினது நான்தான்’ என்று சொல்லப் போகிறாளாம். அவள் சாப்பிடுவதில்லை. அதைவிடக் கொடுமை, தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர்க் கானைக் கண்டாலே உடம்பு நடுங்குகிறது. தாய் கரண்டி கரண்டியாகப் பலவந்தமாக விடுகிற தண்ணீரில்தான் உயிர் நிற்கிறது. உதடு வெடித்து இரத்தம் கண்டிருந்ததை நானே பார்த்தேன். எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறது.

செல்வராசா தொலைத்தொடர்புத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அனுமதிப்பத்திரம் எடுத்து வீட்டில் வானொலி நிலையம் வைத்திருந்தார். சும்மா நிலையமல்ல, நிலாவுக்குச் சமிக்ஞை அனுப்பி, அது அங்கே பட்டுத் திரும்பி வர, உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருக்கிறவனோடு தொடர்பு எடுக்கிற நிலையம். நான் நெளுக்குளத்தில் இருக்கிற மைத்துனனுக்கு எடுத்தாலே லைன் கிடைப்பதில்லை.

நிலாவரைக்கும் போவதென்றால் பெரிய அம்பிளிபயர் வேண்டும். அதன் உள்ளே ஒரு வால்வு, ஆயிரக்கணக்கான வோல்ட்டில் கொதிக்கும். வன்னி வெயிலில் காற்றாடி வைத்து அதை ஆற்ற முடியாது. அதனால் மனுசன் தண்ணீர் விட்டார். ஒரு தொட்டியில் இருந்து பம்ப் தண்ணீரை இழுத்து, பிளாஸ்ரிக் குழாய் வழியாக வால்வைச் சுற்றி ஓடவிடும். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு சுவருக்கு வெளியே வந்து, ஒரு பழைய லொறி ரேடியேற்றரில் ஆறித் திரும்பவும் உள்ளே போகும். தண்ணீர் மட்டும் மகா சுத்தமாக இருக்கவேண்டும். பற்றரிக்கு விடுகிற தண்ணீரைத்தான் விடுவார். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தாது. உப்புச் சேர்ந்தால் அதே தண்ணீர் கம்பி மாதிரி ஆகிவிடும், வால்வில் இருக்கிற மின்சாரம் நேரே ரேடியேற்றருக்கு வந்துவிடும்.

அன்று பின்னேரம் தொட்டித் தண்ணீரை மாற்றியவள் யதுர்ஷிகா. தகப்பன்தான் சொன்னார், மாதாமாதம் அவள் செய்கிற வேலை. பொழுதுபட்டு நிலா ஏறியதும் செல்வராசா மெசினைப் போட்டார். வழக்கம்போல வெளியே வந்து, சூடு எவ்வளவு என்று பார்க்க ரேடியேற்றரில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

“வெப்பமானி வாங்குங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்,” என்று விமலேஸ்வரி அழுதார். “காய்ச்சல்காரப் பிள்ளையின்ர நெத்தியைத் தொட்டுப் பாக்கிற மாதிரி, கையை வச்சுப் பாத்தால்தான் அந்தாளுக்கு மனம் ஆறும். ஊருக்கே தெரியும்.”

பொலிஸார் தொட்டித் தண்ணீரைச் சோதித்தார்கள். உப்பு. வீட்டுக்குப் பின்னால் இறக்கியிருந்த பத்தியில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் கான்கள் இருந்தன. ஒன்றில் பற்றரித் தண்ணீர். சிவப்பு நூல் கட்டிய மற்றதில் உப்புத் தண்ணீர். நிலம் காய்ந்தால், கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற ஏர்த் கம்பி சரியாக வேலை செய்யாது என்று, செல்வராசா ஏர்த் குழிக்கு அதை ஊற்றுவார். பிள்ளை நூலைக் கவனிக்காமல் கானை மாற்றி எடுத்துவிட்டது. பொலிஸ் சொன்னது இவ்வளவுதான். பிள்ளையும் அதையே நம்பிவிட்டது.

முட்டையோடு நான் திரும்பியபோது விறாந்தையில் பரமலிங்கம் இருந்தார். விமலேஸ்வரியின் தமையன். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துவாய். சாவு நடந்த நேரம் முதலில் ஓடிவந்து மெயினை நிறுத்தியவர், செத்த வீட்டை முழுக்கத் தலையில் தூக்கிச் செய்கிறவர்.

“தம்பி, உங்கட அக்காவிட்டைச் சொல்லுங்கோ,” என்றார். “பிள்ளை தெரியாமல் செய்திட்டுது. நாங்கள் எல்லாரும் மன்னிச்சிட்டம். திரும்பத் திரும்பக் கிண்டி அதை வதைக்காதேங்கோ.”

நல்ல மனுசன் என்றுதான் நினைத்தேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. சொல்லி முடித்ததும் எழும்பி வாசலுக்குப் போய், தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்தார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நேரம் தொடக்கம் இதே வேலை. அங்கே என்ன கன்றுக்குட்டியா கட்டியிருக்கிறது?

பின் பத்தியில் அக்கா இரண்டு கிண்ணங்களோடு குந்தியிருந்தார்.

“இது சிவப்பு நூல் கானில எடுத்தது. இது மெசின் தொட்டியில எடுத்தது. பிள்ளை கானை மாத்தி எடுத்திருந்தால் ரெண்டும் ஒரே தண்ணியா இருக்கவேணும். சரியோ?”

“சரி.”

“முட்டையை விடு.”

முதற் கிண்ணத்தில் விட்டேன். முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எடுத்துத் துடைத்து மற்றக் கிண்ணத்தில் விட்டேன். ஒருமுறை அமிழ்ந்து, ஆடி ஆடி எழும்பி மிதந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு குற்றிக் காசு அளவு வட்டம் வெள்ளையாகத் தெரிந்தது.

“என்ன விளங்குது?”

“இந்த முட்டைக்கு நீந்தத் தெரியும். ஆனால் விருப்பப்பட்ட இடத்தில மட்டும்தான் நீந்தும்.”

“ரூபன்!”

“சரி, சரி. இது வேற தண்ணி. உப்பு நல்லாக் கூட.”

“கூட மட்டுமில்லை. வட்டத்தைப் பார். ஏர்த் குழிக்கு உப்புப் போடுறவன் ரெண்டு கை அள்ளிப் போட்டிட்டுப் போவான். இது ஆரோ முட்டையை விட்டு, அது மிதக்கும்வரை பாத்துப் பாத்துக் கலக்கின தண்ணி. அப்பிடி எதுக்குக் கலக்கிறவை?”

என் அப்பா மலைநாட்டில் இருந்து வந்து, பாரதிபுரத்தில் காடு வெட்டிக் குடியேறி, பிறகு வயல் செய்தவர். விதைப்புக்கு முதல் நாள் எங்கள் முற்றத்திலும் இதுதான் நடக்கும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், உப்பு, முட்டை. முட்டை இந்த அளவுக்கு மிதந்ததும் விதைநெல்லைக் கொட்டுவார். நல்ல நெல் அமிழும். உள்ளீடில்லாத சப்பி எல்லாம் மேலே வரும், வழித்து எறிவார்.

“விதைநெல் தண்ணி,” என்றேன்.

அக்கா தன் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஒரேயொரு சப்பி நெல்.

“பம்ப் வடிகட்டியில ஒட்டியிருந்தது. செல்வராசா சேத்தில கால் வைக்காத மனுசன். இந்த வீட்டில விதைநெல் இல்லை. பிள்ளை சரியான கானைத்தான் எடுத்து ஊத்தியிருக்கு. அந்தக் கானுக்குள்ள இருந்த தண்ணியைத்தான் ஆரோ முதலே மாத்தி வச்சு, பிறகு திரும்ப நல்ல தண்ணியை விட்டவை.”

“அப்ப ஓடிப்போய்ப் பிள்ளையிட்டைச் சொல்லுவம்!”

“பொறு. ‘நான் இல்லை’ எண்டது மட்டும் அவளுக்குக் காணாது. ஆர் எண்டு தெரியாட்டில் அவள் சாகும்வரை தன்னையே சந்தேகப்படுவாள்.”

வெளியே சுவரோடு நின்ற ரேடியேற்றரைச் சுற்றி வந்து, அதன் அடியில் பூட்டியிருந்த ஏர்த் கம்பியை அக்கா கனநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கம்பியைப் பிடித்திருந்த நட்டு கறள் பிடித்துப்போய் இருந்தது. அதன் விளிம்புகள் மட்டும் பளபளத்தன. அண்மையில் யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள்.

அக்கா முன் விறாந்தைக்கு நடந்தார். முட்டை மிதந்த கிண்ணத்தை ஒரு துவாயால் மூடி எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். சுவரோடு சாய்ந்து யதுர்ஷிகா இருந்தாள். பக்கத்தில் தாய். பரமலிங்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“பரமலிங்கம் அண்ணை, காலபோகம் விதைச்சாச்சோ?” என்று அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

“ஓம் பிள்ளை. இந்தச் சாவுக்கு முதல்தான் விதைச்சு முடிச்சன்.”

“கடை விதையோ?”

பரமலிங்கத்துக்கு அது அவமானமாகப் போய்விட்டது. கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சீ! கடை விதையில பாதி சப்பி. நான் என்ர விதைதான் எடுக்கிறனான். உப்புத் தண்ணியில விட்டு வழிச்செடுத்துப் போட்டால் ஒரு மணி பிழைக்காது. முட்டை மிதக்கிற கணக்கு இருக்கு பாருங்கோ, அது எல்லாருக்கும் பிடிபடாது. இந்தப் பக்கத்தில இப்ப நான் ஒருத்தன்தான் செய்யிறன்.”

கிண்ணத்தை மூடியிருந்த துவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுசனை நல்லவன் என்று நினைத்தேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

“மிஞ்சின தண்ணியை என்ன செய்யிறனீங்கள்?”

“வயலில ஊத்தேலுமே? நிலம் கெட்டுப்போம். கானில…” அவர் நிறுத்தினார். “ஏன் கேக்கிறியள்?”

“சும்மாதான். எனக்கும் ரெண்டு ஏக்கர் கிடக்குது.”

அக்கா விமலேஸ்வரியின் பக்கம் திரும்பினார். “விமலா, செல்வராசா அண்மையில ஏதும் புதினம் சொன்னவரோ? வானொலியில கேட்டது, அப்பிடி ஏதும்?”

“ஆற்றடியில களவா மணல் அள்ளுறவங்கள் வோக்கி டோக்கியில கதைக்கிறது தன்ர பெரிய அன்ரனாவில கேக்குது எண்டவர். பொலிஸ் வந்தால் ஒருத்தனுக்கொருத்தன் சொல்லுறாங்களாம். ஒரு குரல் தனக்குத் தெரிஞ்ச குரல் எண்டவர். ஆர் எண்டு கேட்டன். சொல்லேல்லை. அதுக்குப் பிறகு நித்திரையும் கொள்ளேல்லை.”

“ரூபன், வாசலுக்குப் போய் அந்த மோட்டார் சைக்கிளடியில நில்,” என்றார் அக்கா. “திறப்பு அதிலதான் கிடக்குது. எடுத்துப் பைக்குள்ள வை.”

கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். அக்கா வானொலி அறைக்குள் போனார். செல்வராசா செத்ததில் இருந்து பயத்தில் வீட்டுக்காரர் ஒருவரும் கால் வைக்காத அறை.

“அம்மா தாயே, அந்தப் பெரிய மெசினைத் தொட்டிடாதேங்கோ!” என்று கத்தினேன். “எனக்கு வேற வேலை தெரியாது!”

“மெயின் நிப்பாட்டிக் கிடக்குது. றிசீவர் பற்றரியில வேலை செய்யும். வாயை மூடிக்கொண்டு நில்!”

மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலில் ஒரு ரெக்சின் பை தொங்கியது. பூட்டில் இருந்த திறப்பைக் கழற்றினேன். பரமலிங்கம் விறாந்தைப் படியில் இறங்கி நின்று என்னையே பார்த்தார்.

“தம்பி, அங்கை என்ன செய்யிறீர்?”

“காத்து வாங்கிறன் அண்ணை.”

உள்ளே இரைச்சல் கேட்டது. செல்வராசா கடைசியாக வைத்த இடத்திலேயே றிசீவர் நின்றிருக்கவேண்டும். இரைச்சலுக்குள்ளே ஒரு ஆண் குரல்: “ரோட்டில ஒருத்தரும் இல்லை. வெளிச்சம் இருக்கேக்கையே முதல் வண்டியை இறக்குவமோ?” அதே நேரம், அதே குரல் சின்னதாக என் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தும் வந்தது. ரெக்சின் பைக்குள் இருந்து.

பையின் ஸிப்பை இழுத்தேன். துணிக்குள் சுற்றி, சத்தம் குறைத்து வைத்த ஒரு வோக்கி. சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.

உள்ளே றிசீவருக்குப் பக்கத்தில் கிடந்த செல்வராசாவின் வோக்கியை எடுத்து, அதே அலைவரிசையில் அக்கா பேசியிருக்கிறார். அவர் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

“செல்வராசா வீட்டில இருந்து கதைக்கிறம். பரமலிங்கம் அண்ணை, கேக்குதோ?”

யதுர்ஷிகா தலையை நிமிர்த்தினாள். விமலேஸ்வரி எழும்பி நின்றார். பையில் இருந்து அந்த ஆற்றங்கரைக்காரன் பதறினான்: “அண்ணை, ஆர் அண்ணை அந்த மனுசி? வண்டியை இறக்கட்டோ, வேண்டாமோ?”

“அண்ணை, அவன் பாவம் கேக்கிறான்,” என்றேன். “ஒரு பதில் சொல்லுங்கோவன்.”

“அது… அது பெடியள் என்ர பையில வச்சுவிட்டது…”

அக்கா வெளியே வந்து கிண்ணத்தைப் பரமலிங்கத்தின் முன்னால் வைத்துத் துவாயை எடுத்தார். முட்டை மிதந்தது.

“இது மெசினுக்குள்ள இருந்த தண்ணி,” என்றார். “கணக்குச் சரியோ எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.”

கமக்காரன் அல்லவா, பார்வை நேரே அந்த வட்டத்துக்குத்தான் போனது. அவர் படியில் அப்படியே இருந்துவிட்டார். துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“மச்சான் என்னைக் காட்டிக்குடுக்கிறன் எண்டு நிண்டவர்,” என்றார் கடைசியில். “காலில விழாத குறையாக் கேட்டன், கேக்கேல்லை. மெசின் பழுதாப்போனால் அவருக்கு ஒண்டும் கேக்காது எண்டு நினைச்சன். அதுக்கு உப்புத்தான் நஞ்சு எண்டு அவரே என்னட்டைச் சொன்னவர். சத்தியமா மெசினுக்குத்தான் செய்தனான். ஆளைக் கொல்ல நினைக்கேல்லை விமலா.”

விமலேஸ்வரி அக்காவைப் பார்த்தார். ‘ஓம், அப்படித்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாயா என்று கேட்கிற பார்வை. அக்கா சொல்லிவிட்டிருக்கலாம். நான் என்றால் சொல்லியிருப்பேன்.

“மெசினுக்குத்தான் எண்டால் ஏர்த் கம்பியை ஏன் கழட்டினீங்கள்?” என்றார் அக்கா. “அந்தக் கம்பி பூட்டியிருந்தால், உப்புத் தண்ணி போனதும் பிறேக்கர் விழுந்து மெசின் நிண்டிருக்கும். ஆளுக்கு ஒண்டும் நடந்திராது. ரேடியேற்றரில செல்வராசா கை வைப்பார் எண்டு தெரிஞ்சு கழட்டினீங்கள். முதல் ஆளா ஓடிவந்தது காப்பாத்த இல்லை. ஆக்கள் வரமுந்திக் கம்பியைத் திரும்பப் பூட்ட, கானில நல்ல தண்ணியைத் திரும்ப விட. நட்டில ஸ்பானர் பட்ட இடம் இன்னும் பளபளக்குது.”

பரமலிங்கம் துவாயை மடித்துத் தோளில் போட்டார்.

யதுர்ஷிகாதான் பேசினாள். ஒரு கிழமையாகச் சரியாகத் தண்ணீர் காணாத தொண்டை, குரல் கரகரத்தது.

“மாமா, அண்டைக்கு என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நீங்கள்தானே சொன்னீங்கள், தெரியாமல் செய்ததுதானே, அழாதை பிள்ளை எண்டு. அதுக்கு முதல் எனக்கு நான் செய்தது எண்டே தெரியாது மாமா. நீங்கள் சொல்லித்தான் தெரியும்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. அறைக்குள் இருந்தபோதே அக்கா பொலிஸுக்குப் போன் அடித்திருந்தார். ஜீப் வந்தது. வோக்கியும் போனது, கிண்ணத்துத் தண்ணீரும் போத்தலில் போனது. பரமலிங்கம் ஜீப்பில் ஏறும்போது தோளில் இருந்து துவாய் விழுந்தது. பழக்கத்தில் விமலேஸ்வரி அதை எடுத்துக்கொடுக்கக் குனிந்தார். பாதியில் நின்றுவிட்டார். துவாய் மண்ணிலேயே கிடந்தது.

ஜீப் வாய்க்கால் வீதியில் திரும்பியது. வழக்கமாக இப்படியான நேரத்தில் என் வாயில் ஏதாவது பகிடி வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

“பத்மா,” என்றார் விமலேஸ்வரி. “என்ர பிள்ளையின்ர கை இல்லை எண்டு காட்டித் தா எண்டுதானே கேட்டனான். காட்டித் தந்திட்டாய், நீ நல்லா இருப்பாய். ஆரின்ர கை எண்டு நான் கேக்கேல்லையே.”

அக்கா அவர் கையைப் பிடிக்கப் போனார், விமலேஸ்வரி விடவில்லை. சுவரோடு சரிந்து, மகள் இத்தனை நாளும் இருந்த அதே இடத்தில் இருந்துகொண்டார்.

யதுர்ஷிகா சுவரைப் பிடித்து எழும்பிக் குசினிக்குள் போனாள். கானைச் சரிக்கிற சத்தம் கேட்டது, பிறகு மடக்கு மடக்கென்று அவள் குடிக்கிற சத்தம். செம்பை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து தாயின் முன்னால் குந்தினாள்.

“அம்மா, தண்ணி.”

விமலேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒரு வாயெண்டாலும் குடியுங்கோ அம்மா,” என்றாள் பிள்ளை. நீட்டிய செம்பைப் பின்னுக்கு எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.